கரண்ட் வந்தால் கேட்கும் பெட்டி

திருகோணமலை உட்துறைமுக வீதியில் நான் வேலை பார்த்த கப்பல் முகவர் அலுவலகத்தின் கடவுச்சொற்கள் எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தன. கொப்பி, கணக்கு அக்காவின் மேசை லாச்சிக்குள். லாச்சிக்குப் பூட்டு உண்டு. அதன் திறப்பு மேசைமேல் பேனை போடும் கோப்பைக்குள். முதலாளிக்கு, எனக்கு, வார்ஃப் வேலை பார்க்கும் நானாவுக்கு, தேத்தண்ணி கொண்டுவரும் பெடியனுக்குக்கூட அது தெரியும். சுங்கப் பத்திரம் போடும் அசிக்குடா, வங்கிகள், ஊழியர் சேமலாப நிதி, வெளிநாட்டுக் கப்பல் கம்பனிகளின் இணையத்தளங்கள், அலுவலக மின்னஞ்சல் என்று பக்கத்துக்குப் பக்கம். பழையதை வெட்டிப் புதியதை மேலே எழுதி, அதையும் வெட்டி ஓரத்தில் எழுதி, சில பக்கங்களில் எது கடைசி என்பது அக்காவுக்கு மட்டும்தான் விளங்கும். அதுவும் ஒருவகைப் பாதுகாப்புத்தான் என்பார் அவர்.

அந்த ஊர் ஆட்கள் அனுமதி விஷயத்தில் அசட்டையானவர்கள் என்று நினைத்துவிடக்கூடாது. யுத்த காலத்தில் துறைமுகத்துக்குள் போவதென்றால் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். வாசலில் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். நானா கிண்ணியாக்காரர். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை தினமும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித் துறையைக் கடந்து வந்தவர். எத்தனை காவலரணில் அட்டையைக் காட்டியிருப்பாரோ, கணக்கில்லை. துறைமுகப் பாஸைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதை இன்னொருவரிடம் கொடுப்பதை அவரால் நினைத்தும் பார்க்க முடியாது. அதே நானா தன் கணினிக் கடவுச்சொல்லை பஸ் ஸ்டாண்டில் நின்றபடி போனில் எழுத்தெழுத்தாக, சத்தமாகச் சொல்லுவார். பாஸில் அவருடைய முகம் இருந்தது, கடவுச்சொல்லில் இருக்கவில்லை. பின்னால் அந்த அலுவலகத்தில் நான் பார்த்த கணினி வேலையில் பாதி இந்த இடைவெளியோடு மல்லுக்கட்டியதுதான்.

என்னைக் கணினிக்காக யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. கடிதம் தட்டச்சு செய்யத்தான் எடுத்தார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் பெரும்பாலானவை மாவாலைக்குக் கோதுமை, சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர், சீனன்குடாத் தாங்கிகளுக்கு எண்ணெய் கொண்டுவருபவை. மாலுமிகளின் பட்டியல், சரக்குப் பட்டியல் எல்லாம் கப்பலில் இருந்து பென்டிரைவில் வரும். உலகத்துத் துறைமுகங்கள் எல்லாம் சுற்றி வந்த பென்டிரைவ் என்றால், அந்தத் துறைமுகங்களின் வைரஸ்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். எங்கள் விண்டோஸ் கடையில் வாங்கிய கள்ளப் பிரதி. ஒரு கட்டத்தில் கோப்புறைகள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்று முளைக்கத் தொடங்கியது. அப்போது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய உபுண்டு லினக்ஸ் இறுவட்டுகளைக் கேட்பவர்களுக்கு இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; 2011 வரை அந்த ஏற்பாடு இருந்தது. 2008 ஏப்ரலில் வெளிவந்த 8.04 பதிப்பு இறுவட்டு எனக்கும் ஒரு மட்டை உறையில் வந்து சேர்ந்தது. முதலாளியிடம் காட்டினேன். “காசில்லையோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப போடு.”

போட்ட பிறகு அவர் ஒரேயொரு நிபந்தனை விதித்தார். கரண்ட் போய்வந்தால் கணினி தானாகவே வேலைத்திரை வரைக்கும் வந்து நிற்கவேண்டும். யாரும் எதையும் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாத ஊரில், கப்பல் கரையில் நிற்கும்போது ஒவ்வொரு மணித்தியாலமும் காசு என்று வாழும் தொழிலில், அது நியாயமான ஆசை. ஆகவே தானியங்கி உள்நுழைவை ஏற்படுத்திக் கொடுத்தேன். வேலைத்திரை உடனே வந்தது. அதன் நடுவில் ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. திறப்புக் கோர்வை பூட்டியிருக்கிறது, கடவுச்சொல்லைத் தா என்று அது கேட்டது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு மேசைக் கணினியில் கடவுச்சொல் தேவைப்படும் செயலிகள் பல: மின்னஞ்சல், உலாவி, வைஃபை, தூரத்துக் கோப்புறை. ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஒரு மூலையில் கடவுச்சொல்லை எழுதி வைத்தால் எங்கள் சீ.ஆர். கொப்பி கணினிக்குள் குடிவந்த கதைதான். அதற்குப் பதிலாக, மேசைச்சூழலே பூட்டிய பெட்டி ஒன்றை வைத்திருந்து, செயலிகள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பது நல்லது என்ற எண்ணம் பழையது. ஆப்பிள் 1999இல் கீசெயினைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 2000இல் அதே நோக்கத்துக்கான குறியாக்க வசதி அடித்தளத்தில் இருந்தது. லினக்ஸ் பக்கத்தில் கேடிஈ சூழல் 2004 தொடக்கத்தில் வந்த 3.2 பதிப்பில் கேவாலட்டைச் சேர்த்தது. நோம் சூழல் அதே காலப்பகுதியில் நோம் கீரிங்கைச் சேர்த்தது. முன்னது புளோஃபிஷ் முறையில் பூட்டியது, பின்னது ஏஈஎஸ் முறையில்.

நோமின் கெட்டித்தனம் பூட்டில் இல்லை, பூட்டைத் திறக்கும் நேரத்தில் இருந்தது. காலையில் நீங்கள் கணினிக்குள் நுழையத் தட்டுகிற கடவுச்சொல்லையே உள்நுழைவுப் பகுதி பெட்டிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். பெட்டியும் அதோடு திறந்துகொள்ளும். இரண்டாவது கேள்வி கிடையாது. பாவிப்பவருக்கு அப்படியொரு பெட்டி இருப்பதே தெரியவராது. எந்த ஒழுங்கும் கண்ணில் படாமல் நடந்தால்தான் அலுவலகத்தில் நிலைக்கும் என்பதை அதை உருவாக்கியவர்கள் நன்றாக விளங்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் நாங்கள் அந்த நேரத்தையே எடுத்துவிட்டிருந்தோம். யாரும் எதையும் தட்டாமல் உள்ளே வந்தால் பெட்டிக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. வைஃபைக் கடவுச்சொல்லும் பெட்டிக்குள்தான். ஆகவே பெட்டி திறக்காவிட்டால் இணையம் இல்லை. அக்கா அதை “இன்டர்நெட் பாஸ்வேட்” என்றே அழைத்தார். கரண்ட் வரும், கணினி எழும்பும், பெட்டி கேட்கும், அறை முழுக்க என் பெயரைக் கூப்பிடும் சத்தம் எழும்பும்.

“தம்பி, இது ஏன் ஒவ்வொருக்காலும் என்னட்டக் கேக்குது? முந்தி விண்டோஸ் இப்பிடிக் கேட்டதில்லையே.”

“முந்தி அது யார் வந்தாலும் குடுத்தது அக்கா.”

“வாறது நாங்கள்தானே?”

இதற்கு இணையத்தில் எல்லோரும் சொன்ன மருந்து ஒன்று இருந்தது: பெட்டியின் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டுவிடுங்கள், பிறகு கேட்காது. உண்மைதான், கேட்காது. உள்ளே இருப்பவை குறியாக்கம் இல்லாமல் வெறும் கோப்பாக வட்டில் கிடக்கும். மென்பொருளே அதைப்பற்றி எச்சரித்துவிட்டுத்தான் விடும். அந்த மருந்தைப் பரிந்துரைத்தவர்கள்மேல் எனக்கு இன்றுவரை கோபம். தங்கள் வீட்டு மடிக்கணினியை மனதில் வைத்து ஊருக்கெல்லாம் புத்தி சொன்னார்கள்.

தமிழ் விசைப்பலகை வேறொரு தொல்லை. மீனவர் சங்கத்துக்கும் கச்சேரிக்கும் போகும் கடிதங்களைத் தமிழில் அடிப்பேன். கரண்ட் போகாத நாட்களிலும், மின்னஞ்சலைத் திறக்கும் நேரத்தில் பெட்டி எழும்பிக் கடவுச்சொல்லைக் கேட்கும். அப்போது விசைப்பலகை தமிழில் நின்றால், ஆங்கில எழுத்து என்று நினைத்துத் தட்டுவதெல்லாம் தமிழ் எழுத்தாக உள்ளே போகும். கண்ணுக்குத் தெரிவது கறுப்புப் புள்ளிகள் மட்டும். அந்தக் காலப் பெட்டி வேறு, மற்ற எல்லாவற்றையும் முடக்கிவிட்டுத்தான் கேட்கும். தட்டுவதை வேறு செயலி ஒட்டுக்கேட்கக்கூடாது என்பதற்காக. நல்ல காரணம். ஆனால் அக்காவின் பார்வையில் அது, சரியான கடவுச்சொல்லைப் பிழை என்று சொல்லிக்கொண்டு திரையையும் பிடித்து வைத்திருக்கும் ஒரு முரட்டுப் பெட்டி. இரண்டு மொழியில் தட்டுகிறவர்களை யோசிக்காமல் கடவுச்சொல் பெட்டி செய்கிறவர்கள் ஒரு கிழமை எங்களோடு வந்து இருக்கவேண்டும் என்று நினைப்பேன்.

கடைசியில் முதலாளியைச் சம்மதிக்க வைத்தது பாதுகாப்புப் பேச்சு அல்ல. சுங்கத்தில் போடும் பத்திரம் போட்டவரின் பெயரில் பதிவாகிறது. பிழை வந்தால் அந்தப் பெயரைத்தான் கேட்பார்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதையே குற்றமாக்கியிருந்தது. ஒரே பெயரில் எல்லோரும் உள்ளே இருந்தால் யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? இதை நான் சொல்லவில்லை. நானா சொன்னார், தன் பாஸைக் கையில் எடுத்துக் காட்டி. “இது என்ட பேரு. நான் இல்லாம இது கேட்டுக்குள்ள போகாது. அங்க மட்டும் என்ட பேரு தனியாப் போகுது.” முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தானியங்கி உள்நுழைவை எடுத்துவிடச் சொன்னார்.

ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல், ஆளுக்கொரு பெட்டி. அன்றிலிருந்து அந்தச் சின்னப் பெட்டி காணாமல் போனது. அக்கா காலையில் ஒரு தடவை தட்டுவார், அதன்பிறகு மின்னஞ்சலும் வைஃபையும் தங்கள்பாட்டில். குரோம் உலாவியும் அதே பெட்டியைப் பாவித்தது. ஃபயர்ஃபொக்ஸ் மட்டும் தன் கடவுச்சொற்களைத் தன் கோப்பில், தன் முதன்மைக் கடவுச்சொல்லின்கீழ் வைத்திருக்கும். மேசைச்சூழலின் பெட்டியை அது நாடவில்லை. ஒரே மேசையில் இரண்டு உலாவி, இரண்டு நியாயம். கேடிஈக்காரரும் நோம்காரரும் 2009ஐ ஒட்டி ஒரு பொது வரைவில் கூடினார்கள். எந்தச் செயலியும் எந்தப் பெட்டியையும் ஒரே முறையில் கேட்கலாம் என்பது அதன் சாரம். அது எங்கள் மேசைக்கு வந்துசேர ஆண்டுகள் எடுத்தன.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருந்தபோது அக்கா மகளின் சாமத்தியச் சடங்குக்காக லீவில் போனார். அன்றைக்குத்தான் ஒரு கப்பலுக்கு அவசரமாகக் காசு கட்டவேண்டியிருந்தது. வங்கிக் கடவுச்சொல் அவருடைய பெட்டிக்குள். முதலாளி போன் எடுத்து, கணினி பாஸ்வேட்டைச் சொல்லு பிள்ளை என்றார். அக்கா சொல்ல மறுத்துவிட்டார். சீ.ஆர். கொப்பியை ஊருக்கே திறந்து வைத்திருந்த அதே அக்கா. வங்கியின் கடவுச்சொல்லை வேண்டுமானால் வந்து தட்டித் தருகிறேன், கணினியினுடையதைத் தரமாட்டேன் என்றார். “அதைச் சொன்னா நான் எல்லாத்தையும் சொன்ன மாதிரி சேர். என்ட மெயில், என்ட பாங்க், எல்லாம் அதுக்குள்ள.” சடங்கு வீட்டிலிருந்து ஓட்டோ பிடித்து, பட்டுச் சேலையோடு வந்து காசைக் கட்டிவிட்டுப் போனார்.

எனக்கு அன்றுதான் விஷயத்தின் மறுபக்கம் துலங்கியது. உள்நுழைவோடு பெட்டியைப் பிணைத்ததும் ஒரு சொல்லுக்குள் பத்துச் சொல் வந்து உட்கார்ந்துவிட்டன. வசதி கூடியது, அந்த ஒரு சொல்லின் பெறுமதியும் அதேயளவு கூடியது. அக்காவுக்கு அது எந்தப் பயிற்சியும் இல்லாமல் தெரிந்திருந்தது. கொப்பியில் இருந்தவை கம்பனியின் சொற்கள், இது தன்னுடையது. நானாவின் பாஸ் மாதிரி இதற்கும் இப்போது ஒரு முகம் வந்திருந்தது.

கம்பனியின் சொற்களைத் தனியே பிரித்தோம். டொமினிக் ரைக்ல் என்ற ஜேர்மனியர் 2003இல் தொடங்கிய கீபாஸ் என்ற இலவச மென்பொருள் வழியில் வந்த கீபாஸ்எக்ஸ் லினக்ஸில் ஓடும். கம்பனிக்கென அதில் ஒரு கோப்பு. அதன் முதன்மைச் சொல் முதலாளி, அக்கா, நான் மூவருக்கும் தெரியும். ஒரு பிரதி உறையில் ஒட்டி முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள். சொந்த விஷயங்கள் அவரவர் பெட்டியில். கேட்கச் சின்ன ஏற்பாடு, ஆனால் எது கம்பனியுடையது எது என்னுடையது என்று வகுப்பதற்கு நாங்கள் அடிபட்டதைப்போல வேறெதற்கும் அடிபடவில்லை. கப்பல் கம்பனியின் தளத்தில் நானாவின் சொந்தப் பெயரில் இருக்கும் கணக்கு யாருடையது? அவர் வேலையை விட்டால்? அதற்கு எந்த மென்பொருளிலும் பதில் இல்லை. நாங்களும் வாய்ப்பேச்சில் ஒன்றைத் தீர்மானித்துவிட்டு விட்டோம்.

நானாவோடு எனக்கு நடந்த ஒரு வாக்குவாதமும் ஞாபகம். நோமில் சீஹோர்ஸ் என்றொரு செயலி உண்டு. கடல் குதிரையின் பெயர். பெட்டி திறந்திருக்கும்போது அதற்குள் இருப்பவற்றை அப்படியே வாசிக்கத் தரும். நானா தற்செயலாக அதைத் திறந்து தன் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தெளிவான எழுத்தில் பார்த்துவிட்டார். “திறந்தா எல்லாம் தெரியுமெண்டா பிறகு என்னத்துக்குத் தம்பி பூட்டு?” இதே கேள்வியை உலகமும் கேட்டது. திறந்திருக்கும் பெட்டியை அதே பயனரின் எந்தச் செயலியும் வாசிக்கலாம் என்பதை 2018இல் ஒரு பாதுகாப்புக் குறைபாடாகவே பதிவு செய்தார்கள். நோம் தரப்பு அதை ஏற்கவில்லை. உங்கள் கணக்குக்குள் கெட்ட செயலி ஓடுமளவுக்கு நிலைமை போய்விட்டால் பெட்டி ஒன்றும் செய்யமுடியாது. பெட்டி காப்பது அணைத்து வைத்த கணினியை, களவு போன வட்டை என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எழும்பித் தேத்தண்ணிக்குப் போகிறவர் திரையைப் பூட்டினாலும் நோமின் பெட்டி உள்ளே திறந்துதான் இருக்கும் என்பதை அவர்கள் இன்னும் உரத்துச் சொல்லியிருக்கலாம். கேவாலட்டில் திரைக்காப்பு எழும்பியதும் பெட்டியை மூடும் தெரிவு இருந்தது. பின்னாளில் வந்த கீபாஸ்எக்ஸ்சி-யிலும் அப்படியே. அந்த கீபாஸ்எக்ஸ்சி 2019இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து பொது வரைவையும் பேசத் தொடங்கியது. மேசையின் பெட்டி இருந்த இடத்தில் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றானது. நாங்கள் முதலாளியின் கணினியில் மட்டும் அப்படிச் செய்தோம்.

ஒரு வங்கி, பெயர் வேண்டாம், 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும். ஒட்டவும் விடாது, கையால்தான் தட்டவேண்டும். பெட்டியில் நீளமான சொல்லை வைத்திருந்து என்ன பயன்? எல்லோரும் ஊர்ப் பெயரும் மாதப் பெயரும் சேர்த்துத் தட்டத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் தன் வழிகாட்டியை 2017இல் திருத்தி, காரணமில்லாமல் காலத்துக்குக் காலம் மாற்றச் சொல்லாதீர்கள், ஒட்ட அனுமதியுங்கள் என்று எழுதியதை அச்செடுத்து அந்த வங்கிக் கிளைக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாக வாங்கிக் கோவையில் போட்டது.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. யூபிஎஸ் பற்றரிகள் ஏறுவதற்குள் கரண்ட் போய்விடும். கணினிகள் விழுந்து விழுந்து எழும்பின. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் தங்கள் கடவுச்சொல்லைத் தட்டினார்கள். பழைய நாட்களில் இதற்காகத்தான் தானியங்கி உள்நுழைவைக் கேட்டார்கள். இம்முறை யாரும் கேட்கவில்லை. நானாவின் கடவுச்சொல் அந்த மாதங்களில் நீண்டுகொண்டே போனது. ஒரு வசனத்தையே வைத்திருந்தார் என்று நினைக்கிறேன், தட்டும் சத்தம் அவ்வளவு நேரம் கேட்கும்.

அடுத்த வருடம், 2023 ஆகஸ்டில், அரசின் மேகக் கணினி ஒன்று கப்பப்பண நிரலால் தாக்கப்பட்டது. ஜிஓவி.எல்கே முகவரியில் இருந்த ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின, அந்தக் காலத்துக்கு மீட்புப் பிரதி இல்லாததால். செய்தியை வாசித்துவிட்டு அக்கா நேராக என்னிடம் வந்து, எங்கட பெட்டிக்குப் பிரதி இருக்கோ என்றுதான் கேட்டார். கம்பனிக் கோப்புக்கு இருந்தது. அவரவர் பெட்டி என்பது வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஒரு சின்னக் கோப்பு, அவ்வளவுதான். கடற்காற்று ஏறிய வட்டு ஒன்று நின்றால் அதுவும் நிற்கும். அந்தக் கிழமையே அதையும் பிரதிப் பட்டியலில் சேர்த்தோம்.

நான் விலகுவதற்குக் கொஞ்சம் முன்னர் அலுவலகத்துக்கு விரல் ரேகை பார்க்கும் மடிக்கணினி ஒன்று வந்தது. புதிதாகச் சேர்ந்த வார்ஃப் பெடியன் விரலை வைத்தான், வேலைத்திரை வந்தது, அதன் நடுவில் பெட்டியும் வந்து கடவுச்சொல் கேட்டது. மெஷினில் பிழை என்றான். அக்கா கதிரையிலிருந்து எழும்பாமலே சொன்னார்: “விரல் நீ ஆர் எண்டு மட்டும்தான் சொல்லும் தம்பி. பெட்டியைத் திறக்கிற சொல் விரலில இல்லை. காலமை ஒருக்காத் தட்டிப்போட்டு, பிறகு விரலை வை.” அவன் என்னைப் பார்த்தான். அக்கா சொன்னது அச்சொட்டாகச் சரி. குறியாக்கத்தை அவிழ்க்கச் சொல் வேண்டும், விரல் ரேகை உள்நுழைவில் சொல் எதுவும் கைமாறுவதில்லை. வெறுமையாக விட்டால் கேட்காதாமே என்று அவன் போனைக் காட்டினான். அந்தப் பழைய மருந்து இன்னும் புழக்கத்தில்தான் இருந்தது. அக்கா போனை வாங்கி, அவன் காட்டிய பக்கத்தை மூடிவிட்டு, அன்றைய சுங்கப் பத்திரத்தை அவன் பெயரில் போடச் சொன்னார்.